கடலில் நோயுற்றால் செலவு யாருடையது?



கப்பல் என்ற சொல்லைக் கேட்டவுடனே நம் தோட்டத்துப் பெரியவர்களுக்கு நினைவில் எழும் பெயர் 'ரஜுலா'. நாகப்பட்டினத்தில் ஏறியதும், மேல்தளத்தில் பாய் விரித்துப் படுத்ததும், பினாங்கில் கரை கண்டதும் நம் குடும்பங்களில் வழிவழியாகச் சொல்லப்பட்டு வரும் கதைகள். இன்று நிலைமை வேறு. அந்தப் பெரியவர்களின் பேரப்பிள்ளைகள் பட்டணத்தில் வேலை பார்த்து, நாலு காசு சேர்த்து, "அம்மா, நீங்களும் அப்பாவும் ஒரு தடவை கப்பலில் போய்விட்டு வாருங்கள்" என்று உல்லாசக் கப்பலுக்குச் சீட்டு எடுத்துக் கொடுக்கிறார்கள். பிழைப்புக்காகக் கடல் கடந்தவர்களின் பிள்ளைகள் பொழுதுபோக்குக்காகக் கடலில் போகிறார்கள். இது நமக்கு மகிழ்ச்சி தரும் மாற்றம்தான்.

அந்தச் சீட்டில் படுக்கை உண்டு. மூன்று வேளைச் சாப்பாடு உண்டு. ஆடல் பாடல் நிகழ்ச்சிகளும் உண்டு. ஆனால் நடுக்கடலில் அம்மாவுக்கு நெஞ்சு வலித்தால் வைத்தியச் செலவு சீட்டில் அடங்குமா? அடங்காது. அப்படியானால் அது யாருடைய செலவு? இந்தக் கேள்விக்கு இருநூறு ஆண்டுகளுக்கு மேற்பட்ட வரலாறு இருக்கிறது. அதில் நம் முன்னோர்களுக்கும் பங்குண்டு. அந்த வரலாற்றைத் தெரிந்துகொண்டால், இன்று நம் கைக்கு வரும் காப்புறுதிப் பத்திரத்தை எப்படிப் படிக்க வேண்டும் என்பதும் விளங்கும்.

முதலில் 1790ஆம் ஆண்டுக்குப் போவோம். அக்காலத்தில் பிரிட்டிஷ் அரசாங்கம் தன் நாட்டுக் கைதிகளை ஆஸ்திரேலியாவுக்குக் கப்பலேற்றி அனுப்பி வந்தது. இரண்டாவது கப்பல் தொகுதியை அனுப்பும் வேலை ஒரு தனியார் நிறுவனத்திடம் குத்தகைக்கு விடப்பட்டது. அடிமை வாணிகத்தில் பழகிய நிறுவனம் அது. ஏற்றப்படும் ஒவ்வொரு கைதிக்கும் இவ்வளவு பணம் என்பது ஒப்பந்தம். ஏற்றப்படும் தலைக்குத்தான் பணமே தவிர, உயிரோடு இறக்கப்படும் தலைக்கு அல்ல. விளைவு என்ன? கைதிகள் பட்டினி போடப்பட்டார்கள். சங்கிலியில் கிடந்தே நோயுற்றார்கள். ஏறத்தாழ ஆயிரம் பேரில் நான்கில் ஒரு பங்கினர் கரையைக் காணாமலே மாண்டார்கள். பின்னர் அரசாங்கம் விழித்துக்கொண்டு, ஆட்களை உயிரோடும் நலத்தோடும் கொண்டுசேர்ப்பதைப் பொறுத்துப் பணம் கொடுக்கும்படி ஏற்பாட்டை மாற்றியது. 1815 முதல் ஒவ்வொரு கைதிக் கப்பலிலும் கடற்படை மருத்துவர் ஒருவர் அமர்த்தப்பட்டார். சாவு வெகுவாகக் குறைந்தது.

இங்கே நாம் கவனிக்க வேண்டியது ஒன்றுண்டு. கடலும் கப்பலும் மாறவில்லை. பயணி இறந்தால் யாருக்கு நட்டம் என்பது மட்டுமே மாறியது. நட்டம் கப்பல்காரனுக்கு என்றானவுடன் மருத்துவர் கப்பலேறினார்.

இந்தப் பாடத்தைத்தான் பிறகு இந்தியத் தொழிலாளர்களை ஏற்றிச் சென்ற கப்பல்களிலும் கடைப்பிடித்தார்கள். மொரீஷியஸ், மேற்கிந்தியத் தீவுகள், நேட்டால், பிஜி ஆகிய இடங்களுக்கு ஒப்பந்தக் கூலிகளாக நம் மக்கள் போன கப்பல்களில் 'சர்ஜன் சூப்பரிண்டெண்டென்ட்' என்னும் மருத்துவ மேற்பார்வையாளர் இருந்தார். உயிரோடு கரையிறங்கும் ஒவ்வொரு தலைக்கும் அவருக்கு இவ்வளவு என்று வெகுமதி உண்டு. அந்த மருத்துவர்களில் நல்லவர்களும் இருந்தார்கள், குடிகாரர்களும் இருந்தார்கள். ஆயினும் கப்பலில் மருத்துவர் இருந்ததற்குக் காரணம் இரக்கம் மட்டும் அன்று. கூலியாள் கரும்புத் தோட்டத்துக்கு வேண்டிய முதல். முதல் கெடாமல் வந்துசேர வேண்டும் என்பதே கணக்கு.

இனி நம் மலாயாக் கரைக்கு வருவோம். நாகப்பட்டினத்திலிருந்து பினாங்குக்கு வரும் பயணம் ஏறத்தாழ ஒரு வாரத்தில் முடிந்துவிடும். மேற்கிந்தியத் தீவுகளுக்குப் போல மாதக்கணக்கில் கடலில் கிடக்கத் தேவையில்லை. ஆனாலும் நெரிசலான மேல்தளத்தில் காலராவும் அம்மையும் பரவ ஒரு வாரம் போதும். ஆகவே புறப்படும் இடத்தில் ஆவடியிலும் நாகப்பட்டினத்திலும் முகாம்கள் அமைத்து ஆட்களைப் பரிசோதித்து ஏற்றினார்கள். இறங்கும் இடத்தில் பினாங்கை அடுத்த ஜெரஜாக் தீவிலும், போர்ட்டிக்சனிலும், சிங்கப்பூரின் செயின்ட் ஜான்ஸ் தீவிலும் நோய்த்தடுப்பு முகாம்கள் இருந்தன. மேல்தளப் பயணிகள் அங்கே சில நாள் தங்கவைக்கப்பட்டு, நோயில்லை என்று தெரிந்த பிறகே தோட்டங்களுக்குப் போனார்கள்.

செலவு யாருடையது? 1907ஆம் ஆண்டில் தமிழர் குடியேற்ற நிதி என்ற ஒன்று சட்டப்படி அமைக்கப்பட்டது. தென்னிந்தியத் தொழிலாளர்களை வைத்து வேலை வாங்கும் முதலாளிகள் ஒவ்வொருவரும் இந்த நிதிக்குப் பணம் கட்ட வேண்டும். கங்காணி கிராமத்திலிருந்து அழைத்து வந்தவர்களுக்குக் கப்பல் கட்டணம் முதலிய செலவுகள் இந்த நிதியிலிருந்து கொடுக்கப்பட்டன. முன்பு வெள்ளைக்காரத் துரை தலைக்கு இவ்வளவு செலவு செய்தேன் என்று கூலியின் கணக்கில் கடன் எழுதுவார். இந்த நிதி வந்த பிறகு, பலர் சேர்ந்து ஒரு பொதுப் பெட்டியில் பணம் போட்டு, தேவை ஏற்படும் இடத்தில் எடுத்துக் கொடுக்கும் முறை வந்தது. நேயர்களே, காப்புறுதியின் அடிப்படையும் இதுதான். பலர் சிறிது சிறிதாகக் கொடுக்கிறார்கள். துன்பம் வந்தவர் அதிலிருந்து பெறுகிறார். இங்கே பெட்டியை நிரப்பியவர் முதலாளி. அதன் நோக்கமும் அவர் தோட்டத்துக்கு ஆள் சேர்ப்பதே.

1938ஆம் ஆண்டு ஜூன் மாதத்தில், உதவிப் பணம் கொடுத்து உடலுழைப்புத் தொழிலாளர்களை மலாயாவுக்கு அனுப்புவதை இந்திய அரசாங்கம் தடை செய்தது. அதன் பிறகு கப்பலில் வந்து போனவர்கள் பெரும்பாலும் தம் கைக்காசில் சீட்டு வாங்கியவர்கள். 1926இல் கட்டப்பட்ட ரஜுலா 1973 வரை அப்பெயரோடு ஓடியது. பிறகு இந்தியக் கப்பல் கழகத்திடம் 'ரங்கத்' என்று பெயர் மாறி, அடுத்த ஆண்டே உடைக்கப்பட்டது. அதன் இடத்தில் ஓடிய 'சிதம்பரம்' கப்பல் 1985ஆம் ஆண்டு பிப்ரவரி 12ஆம் நாள் தீப்பிடித்தது. பயணிகள் பலர் உயிரிழந்தனர். நம் மக்களைச் சென்னையோடு இணைத்த பயணிகள் கப்பல் சேவை அத்தோடு முடிவுக்கு வந்தது.

இதுவரை கப்பலில் மருத்துவர் வந்த கதையைப் பார்த்தோம். காப்புறுதி வந்த கதை வேறு. பதினேழாம் நூற்றாண்டின் இறுதியில் லண்டனில் எட்வர்ட் லாயிட் என்பவரின் காப்பிக் கடையில் வணிகர்கள் கூடிக் கப்பல்களுக்கும் சரக்குகளுக்கும் காப்புறுதி பேசினார்கள். கப்பல் முழுகினால் கப்பலுக்குப் பணம். மிளகு நனைந்தால் மிளகுக்குப் பணம். பயணம் செய்யும் மனிதனுக்கு அந்தக் கணக்கில் இடமில்லை. மனிதனுக்கு இடம் கிடைத்தபோதும் சரக்காகத்தான் கிடைத்தது. 1781ஆம் ஆண்டில் 'சோங்' என்னும் அடிமைக் கப்பலிலிருந்து 130க்கும் மேற்பட்ட ஆப்பிரிக்கர்கள் உயிரோடு கடலில் வீசப்பட்டார்கள். தண்ணீர் போதவில்லை என்று காரணம் சொல்லி, இழந்த 'சரக்குக்கு' ஈடாகத் தலைக்கு 30 பவுன் வீதம் கப்பலின் உரிமையாளர்கள் காப்புறுதிப் பணம் கேட்டார்கள். 1783இல் வழக்கு நடந்தது. அது கொலை வழக்கு அன்று, பணத்துக்கான வழக்கு. முதலில் நடுவர் குழு உரிமையாளர்களின் பக்கமே தீர்ப்புக் கூறியது. பிறகு மறு விசாரணைக்கு உத்தரவாயிற்று. அந்தக் கொடுமை அடிமை ஒழிப்பு இயக்கத்துக்கு வலுச் சேர்த்தது என்பது வரலாறு.

பயணியைச் சரக்காக அல்லாமல் பயணியாகவே மதித்துக் காப்புறுதி கொடுக்கும் பழக்கம் கடலில் தோன்றவில்லை, இரயிலில் தோன்றியது. 1840களின் கடைசியில் இங்கிலாந்தில் இரயில் பயணிகள் காப்புறுதிக் கழகம் தொடங்கப்பட்டது. இரயில் சீட்டு வாங்கும் சன்னலிலேயே மூன்றாம் வகுப்புப் பயணி ஒரு பென்னி கொடுத்தால், அந்தப் பயணத்தில் விபத்தில் இறந்தால் குடும்பத்துக்கு 200 பவுன். முதல் வகுப்புக்காரருக்கு மூன்று பென்னிக்கு 1,000 பவுன். 1864இல் அமெரிக்காவின் ஹார்ட்ஃபோர்ட் நகரில் 'டிராவலர்ஸ்' என்ற நிறுவனம் இதே வழியில் பயண விபத்துக் காப்புறுதியைத் தொடங்கியது. இன்று நாம் வாங்கும் பயணக் காப்புறுதிக்கு இவையே பாட்டன் பூட்டன் எனலாம்.

கடல் மருத்துவத்துக்கு வானொலியும் உதவியது என்பது நம் வானொலி நேயர்களுக்கு இனிக்கும் செய்தி. 1935இல் ரோம் நகரில் குய்டோ குய்டா என்ற மருத்துவர் ஓர் அனைத்துலக வானொலி மருத்துவ நிலையத்தை ஏற்படுத்தினார். மருத்துவர் இல்லாத கப்பல்களுக்கு வானொலி மூலம் இலவசமாக வைத்திய ஆலோசனை சொல்வது அதன் பணி. கம்பியில்லாத் தந்தியைத் தந்த மார்க்கோனியே அதன் முதல் தலைவராக இருந்தார்.

உல்லாசத்துக்காகவே கப்பலேறும் பழக்கம் 1891இல் ஜெர்மானியக் கப்பலான 'அகஸ்தா விக்டோரியா' மத்தியதரைக் கடலைச் சுற்றி வந்ததிலிருந்து பெருகியது. நம் வட்டாரத்தில் 1993இல் கெந்திங் குழுமம் 'ஸ்டார் குரூசஸ்' நிறுவனத்தைத் தொடங்கிய பிறகு, உல்லாசக் கப்பல் சாதாரணக் குடும்பங்களின் கைக்கும் எட்டியது. கொரோனாக் காலத்தில் அக்கப்பல்களை நடத்திய ஹாங்காங் நிறுவனம் 2022 ஜனவரியில் நொடித்துப்போனது. பிறகு வேறு பெயர்களில் கப்பல்கள் மீண்டும் ஓடத் தொடங்கின.

இப்போது முதற் கேள்விக்குத் திரும்புவோம். உல்லாசக் கப்பலில் மருத்துவர் இருக்கிறார், தாதியர் இருக்கிறார்கள், பிராணவாயுவும் இதயத் துடிப்பைப் பதியும் கருவியும் உண்டு. ஆனால் அது ஒரு சிறிய மருந்தகம். பெரிய ஆஸ்பத்திரி அன்று. அடிபட்டவருக்குக் கட்டுப்போடலாம், நெஞ்சு வலி கண்டவரைத் தாங்கிப் பிடிக்கலாம். பெரிய அறுவைச் சிகிச்சை அங்கே நடப்பதில்லை. நோய் கடுமையானால் அடுத்த துறைமுகத்தில் இறக்கி, அந்த நாட்டு ஆஸ்பத்திரியில் சேர்ப்பார்கள். அல்லது ஹெலிகாப்டரை வரவழைப்பார்கள். கப்பல் மருத்துவரைப் பார்த்த கட்டணம் நம் அறைக் கணக்கில் ஏறும். இறங்கும்முன் கட்ட வேண்டும். அன்று மருத்துவருக்கு முதலாளி பக்கத்திலிருந்து பணம் போயிற்று, ஏனெனில் நாம் அவருடைய முதல். இன்று நாம் யாருக்கும் முதல் அல்ல. காசு கொடுத்து ஏறிய சுதந்திர மனிதர்கள். சுதந்திரத்தோடு செலவும் நம் தலைக்கு வந்திருக்கிறது.

கப்பல் நிறுவனத்துக்குப் பொறுப்பே இல்லையா என்று கேட்கலாம். உண்டு. 1974இல் ஏதென்ஸ் நகரில் செய்துகொள்ளப்பட்டு, 2002இல் திருத்தப்பட்ட ஓர் அனைத்துலக உடன்படிக்கை, கப்பல் முழுகுதல், மோதுதல், தீப்பற்றுதல் போன்றவற்றால் பயணிக்கு நேரும் கேட்டுக்குக் கப்பல் நிறுவனத்தைப் பொறுப்பாக்குகிறது. அந்த உடன்படிக்கையை ஏற்ற நாடுகளில் அது செல்லும். ஆனால் நம் உடம்பில் ஏற்கெனவே இருந்த இனிப்பு நீர் கூடினாலோ, மாரடைப்பு வந்தாலோ, அது கப்பலின் குற்றமாகாது. அந்தச் செலவுக்குத்தான் பயணக் காப்புறுதி.

அந்தப் பத்திரத்தில் என்னென்ன இருக்க வேண்டும்? முதலாவது, வெளிநாட்டு மருத்துவச் செலவு. இரண்டாவது, நோயாளியை ஆஸ்பத்திரிக்கோ தாய்நாட்டுக்கோ கொண்டுவரும் செலவு. மருத்துவச் செலவைவிட இதுவே பெரிதாகிவிடக்கூடும். தனி விமானமும் மருத்துவரும் தேவைப்படலாம். மூன்றாவது, இறந்தவரின் உடலை ஊருக்குக் கொண்டுவரும் செலவு. இதைப் பேசக் கூச்சப்பட வேண்டாம். பழைய கப்பல்களில் இறந்தவர்களைக் கடலில்தான் சேர்த்தார்கள். எந்த உறவும் முகம் பார்க்கவில்லை. நான்காவது, நோயால் பயணத்தைக் கைவிட நேர்ந்தால் கட்டிய பணம் திரும்பக் கிடைப்பது.

இவற்றோடு வேறொன்றையும் கேட்டறிய வேண்டும்: இந்தப் பத்திரம் கப்பல் பயணத்துக்குச் செல்லுமா? சில பத்திரங்கள் விமானப் பயணத்தை எண்ணி எழுதப்பட்டவை. கப்பலுக்குத் தனியாகச் சேர்த்துப் பணம் கட்ட வேண்டியிருக்கும். தொற்றுநோய் பற்றி என்ன எழுதியிருக்கிறது என்பதையும் பார்க்க வேண்டும். 2020 பிப்ரவரியில் ஜப்பானின் யோக்கோஹாமா துறைமுகத்தில் 'டைமண்ட் பிரின்சஸ்' கப்பலில் 3,711 பேர் முடக்கப்பட்டதும், 700க்கும் அதிகமானோருக்குக் கொரோனா தொற்றியதும் நினைவிருக்கும். ஜெரஜாக் தீவின் நாட்கள் நூறாண்டு கழித்துத் திரும்பி வந்தது போலிருந்தது. நேற்று ஒழிந்தது என்று எண்ணியது நாளை வரலாம்.

நம் குடும்பங்கள் அதிகம் இடறும் இடம் ஒன்று உண்டு. அது ஏற்கெனவே இருக்கும் நோய். இனிப்பு நீரும் இரத்தக் கொதிப்பும் இல்லாத வீடு இன்று எத்தனை? பல பத்திரங்கள் முன்பே இருந்த நோயால் வரும் செலவை ஏற்பதில்லை. சில, கூடுதல் பணம் பெற்றுக்கொண்டு ஏற்கும். ஒரு தாயார் இரத்தக் கொதிப்புக்கு மாத்திரை சாப்பிட்டு வருகிறார் என்று வைத்துக்கொள்வோம். மகன் அவசரத்தில் படிவத்தை நிரப்பும்போது, நோய் உண்டா என்ற கேள்விக்கு 'இல்லை' என்று போட்டுவிடுகிறார். கடலில் தாயாருக்குப் பக்கவாதம் வருகிறது. கோரிக்கை போகிறது, நிறுவனம் கிளினிக் பதிவேட்டைக் கேட்கிறது, மாத்திரை எழுதிய தேதி வெளிப்படுகிறது. பணம் மறுக்கப்படலாம். சில வெள்ளியை மிச்சம் பிடிக்கப்போய்ப் பல ஆயிரம் போகலாம். நம் நாட்டில் 2013ஆம் ஆண்டு நிதிச் சேவைச் சட்டம், காப்புறுதி எடுப்பவர் கேட்கப்படும் கேள்விகளுக்குக் கவனத்தோடு உண்மை சொல்ல வேண்டும் என்கிறது. ஆகவே உள்ளதை உள்ளபடி எழுதுவதே நமக்குக் காவல்.

கணக்கும் போட்டுப் பார்க்க வேண்டும். வகுப்பில் போடும் கணக்கைப் போல எளிதுதான். கப்பல் மருந்தகத்தின் பில் 4,000 வெள்ளி என்று வைத்துக்கொள்வோம். பத்திரத்தில், முதல் 300 வெள்ளியைப் பயணியே ஏற்க வேண்டும் என்று இருந்தால், நிறுவனம் தருவது 3,700 வெள்ளி. உச்சவரம்பு 2,500 வெள்ளி மட்டுமே என்று இருந்தால், மீதி நம் கையிலிருந்து போகும். அதோடு, பணம் பெரும்பாலும் பிறகுதான் திரும்பி வரும். ஆகையால் ரசீதுகளையும் மருத்துவர் அறிக்கையையும் பத்திரமாக வைத்திருக்க வேண்டும். ஆஸ்பத்திரியில் சேர்க்க நேர்ந்தால், காப்புறுதி நிறுவனத்தின் அவசரத் தொலைபேசி எண்ணுக்கு உடனே சொல்ல வேண்டும். அவர்கள் உத்தரவாதக் கடிதம் அனுப்ப வழியுண்டு. அந்த எண்ணை அம்மாவின் கைப்பையில் ஒரு காகிதத்தில் தமிழிலும் எழுதி வைப்பது நல்லது. கைப்பேசி நடுக்கடலில் வேலை செய்யாமல் போகலாம்.

நியாயமான கோரிக்கையை நிறுவனம் மறுத்தால் என்ன செய்வது? கப்பல் கவிழ்ந்தாலும் கன்னத்தில் கைவைக்காதே என்பார்கள். முதலில் நிறுவனத்துக்கே எழுத்து மூலம் முறையிட வேண்டும். அதன் முடிவு திருப்தி தராவிட்டால், நிதிச் சந்தைக் குறைதீர்ப்பு அமைப்பிடம் போகலாம். முன்பிருந்த குறைதீர்ப்பு அமைப்புகள் இணைந்து 2025 ஜனவரி முதல் அது இயங்கி வருகிறது. வழக்கறிஞர் வைக்கத் தேவையில்லை.

நேயர்களே, நம் முன்னோர்களில் பலர் எழுதப் படிக்கத் தெரியாமல், என்ன எழுதியிருக்கிறது என்று அறியாத தாளில் கைநாட்டு வைத்துவிட்டுக் கப்பலேறினார்கள். அவர்களுடைய உடல்நலத்தின் விலையை வேறு யாரோ கணக்கிட்டார்கள். அவர்கள் பிள்ளைகளுக்காகத் தோட்டத்துக்குத் தோட்டம் பள்ளிக்கூடம் எழுந்ததற்கு ஒரு பயன் இருக்க வேண்டும் அல்லவா? இன்று அதே போன்றதொரு தாள் நம் கைக்கு வருகிறது. எழுத்து சிறியது, மொழியும் கடினம். வீட்டில் படித்த பிள்ளையை உட்காரவைத்து, வரிக்கு வரி வாசிக்கச் சொல்லி, கூடத்தில் எல்லோருமாகக் கேளுங்கள். விளங்காததை முகவரிடம் கேளுங்கள். பதிலை எழுத்தில் வாங்குங்கள். அதன் பிறகு கையெழுத்துப் போடுங்கள். பிறகு நிம்மதியாகக் கப்பலேறிக் கடலைப் பார்த்துவிட்டு வாருங்கள்.